பதினாலு வாசலும் ஒரு குளிர்கால டயரும்

சித்தெ அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, பை கசங்கிரும். ஆங், போதும் போதும். பொள்ளாச்சி தாண்டுனா கூட்டம் கொறஞ்சுரும், அப்ப வேண்ணா நீங்க சன்னலுக்கு வந்துருங்க. எந்தூருங்க உங்களுக்கு? பல்லடமுங்களா? நமக்கு உடுமலைங்க.

கையத்தானே பாக்கறீங்க? ஏறுனதுல இருந்து பாக்கறீங்க, நானும் கவனிச்சுட்டுத்தான் இருக்கறன். சுண்ணாம்பு இல்லீங்க. வியாதியும் இல்லை, பயப்படாதீங்க. கோலப்பொடி. நெக இடுக்குல போயி உக்காந்துருச்சுன்னா ஒரு வாரம் தேச்சாலும் போகாது. ஆம்பளக் கையில கோலப்பொடி எப்படின்னு கேக்கறீங்க. கேக்கலீங்களா? சரி, கேக்காட்டியும் சொல்றன். கோயமுத்தூர் உக்கடம் போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்குது. நாயத்தை நீங்களே சொல்லுங்க.

நமக்குப் பந்தல் கடைங்க. தெய்வசிகாமணி பந்தல், வாடகைப் பாத்திரம். அண்டா, சேரு, ஜமுக்காளம், சீரியல் செட்டு எல்லாம் உண்டு. மார்கழி பொறந்தா ஒரு முகூர்த்தம் கெடையாது பாருங்க, அண்டாவெல்லாம் கவுந்து கெடக்கும், நானும் கவுந்து கெடப்பன். முந்துன வருசம் டாக்டரு சர்க்கரை எட்டிப் பாக்குதுன்னாரு. சரி போன்னு சைக்கிள் வாங்குனன். கியர் சைக்கிளுங்க. இருவத்தோரு கியர். மத்த பதினோரு மாசமும் அது மேல ஜமுக்காளம் காயும். மார்கழியில நான் ஓட்டுவன்.

குளிர்கால ரைடிங்குன்னு பேருங்க அதுக்கு. செல்போன்ல எல்லாம் பாத்து வெச்சிருக்கறன். சும்மா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டுப் போயி ஓட்டற சமாச்சாரம் இல்லை. எங்கூர்ல மார்கழிக் காலையில பத்தொம்பது டிகிரி வரைக்கும் எறங்குமுங்க. சிரிக்காதீங்க. பத்தொம்பதுங்க! வெளையாட்டா?

எங்க பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால அமானுல்லா பாய் சைக்கிள் கடை இருக்குது. நல்ல மனுசன், ஆனா யாவாரந் தெரியாது. "பாய், குளிர்காலம் வருது, வண்டிக்கு என்ன மாட்டலாம்?"னு கேட்டா, டயரைக் கட்டவெரல்ல ஒரு அமுக்கு அமுக்கிட்டு, "ஒண்ணும் மாட்ட வேண்டாமுங்ணா, காத்துத்தான் கம்மி, அடிச்சுட்டுப் போங்க"ங்கறாரு. காத்தடிக்கறதுக்கா நான் அவ்வளவு தூரம் போனன்? அவரே அடிச்சும் உட்டுட்டாரு, காசும் வாங்கலை. எனக்கு ஒரே அவமானமாப் போச்சுங்க.

அன்னைக்கே கோயமுத்தூர் கெளம்பிட்டன். அங்க ஒரு பெரிய சைக்கிள் ஷோரூம். உள்ள ஏசி, செவுரு பூராச் சைக்கிள் தொங்குது. கழுத்துல அட்டை மாட்டுன சேல்ஸ்மேன் ஒருத்தரு ஓடியாந்து, "சார், நீங்க ரைடரா?"ன்னு கேட்டாரு. எனக்கு நாப்பத்தொம்பது வயசுங்க. இத்தனை வருசத்துல என்னைய ஒருத்தன் அப்படிக் கேட்டதில்லை. "அண்டாக்காரருங்களா?"ன்னுதான் கேப்பாங்க. ஆமாம்ப்பா, ரைடருதான்னுட்டன். அப்பறம் அவரு எடுத்துக் குடுத்ததுக்கெல்லாம் நான் தலையாட்டுனதுதான்.

காத்துப் புகாத சட்டை, எலுமிச்சங்கா கலர்ல. வெரலுக்கு வெரல் மெத்தை வெச்ச கையுறை. ஷூவுக்கு மேல இன்னொரு ஒறை. கழுத்துல மாட்டி மூக்கு வரைக்கும் இழுத்து உட்டுக்கற துணிக்கொழா ஒண்ணு. அப்பறம் டயரு. அதுதாங்க இந்தக் கதைக்கே மூலம். குளிர்காலத்துக்குன்னே செஞ்ச டயருங்க. பட்டை பட்டையா இருக்கும், ஒவ்வொரு பல்லும் நட்சத்திரம் நட்சத்திரமா இருக்கும். "ஈர ரோட்டுல கவ்விப் புடிக்கும் சார்"ன்னாரு. எங்க தெருவுல மார்கழிக்கு ஈரம் எதுன்னா வாசல் தெளிக்கற சாணித்தண்ணிதான். அதுவும் ஈரந்தானுங்களே?

இத்தனையும் மாட்டறதுக்கு முப்பத்தஞ்சு நிமிசம் ஆகும். காதுக்குக் குளிருமேன்னு குரங்குக் குல்லா, அதுக்கு மேல ஹெல்மெட்டு. எறங்கவே எறங்காது. சாந்தாமணிதான், என்ற ஊட்டுக்காரிங்க, வாரை இழுத்துப் புடிச்சு மாட்டி உடுவா. "ஏனுங்க, எங்கீங்க போறீங்க, எமயமலைக்கா?"ம்பா. அவளுக்கு வெளையாட்டு.

எங்க போவனா? எங்க தெருவுலதாங்க. ரயில்வே கேட்டைத் தாண்டுனா நாயிங்க தொரத்தும், அந்த எலுமிச்சங்கா கலரைக் கண்டா அதுகளுக்கு ஆகாது. அதனால இந்த முக்குல இருந்து அந்த முக்கு. போறப்ப இந்தப் பக்கம் ஏழு ஊடு, வாரப்ப அந்தப் பக்கம் ஏழு ஊடு. பன்னெண்டு சுத்துக்குக் கம்மியா எறங்க மாட்டனுங்க.

ஒரே ஒரு சின்னத் தொந்தரவு. துணிக்கொழாய மூக்கு மேல இழுத்து உட்டா, உடற மூச்செல்லாம் மேல ஏறிக் கண்ணாடியில ஆவியாப் படிஞ்சுருது. என்றது பவர் கண்ணாடிங்க, இதேதான், கழட்டுனா நீங்க ஆம்பளையா பொம்பளையான்னே தெரியாது. ஆவி படிஞ்சா தெருவெளக்கு மட்டும் மங்கலாத் தெரியும். அது போதுமுங்க. சொந்தத் தெருதானே, கண்ணைக் கட்டி உட்டாலும் ஓட்டுவன்.

எங்க தெருப் பொம்பளைங்களைப் பத்திச் சொல்லோணும். மார்கழின்னா வாசலோட நிறுத்த மாட்டாங்க, பாதி ரோடு வரைக்கும் கோலத்தை இழுத்துருவாங்க. நாலு மணிக்கு எந்திரிச்சு, தெளிச்சு, போட்டு, கலரடிச்சு, நடுவுல பூசணிப்பூ வெச்சுட்டு, அஞ்சே முக்காலுக்கு எல்லாரும் உள்ள போயிருவாங்க. அவிய உள்ள போனதுக்கப்பறந்தான் நான் சைக்கிளை எடுப்பன். அவிய வேலைக்கு நாம எடைஞ்சலா இருக்கக் கூடாது பாருங்க.

அஞ்சாம் நாளு ஆரம்பிச்சுதுங்க வெவகாரம். ஆரோ கோலத்து மேல வண்டி உட்டுட்டுப் போறாங்கன்னு தெருவே கூடி நிக்குது. எதுத்த ஊட்டுக் கோகிலவாணி டீச்சருதான் முன்னால நின்னாங்க. கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவிய. ஒரு புள்ளி அரை இஞ்சு தள்ளியிருந்தாலும் மொத்தத்தையும் அழிச்சுட்டு மொதல்ல இருந்து போடற ஆளு. "ஏனுங்க சிகாமணி, நீங்கதான் அந்நேரத்துக்குத் தெருவுல இருக்கறீங்க. ஆரையாச்சும் பாத்தீங்களா?"ன்னாங்க.

"ஒருத்தரையும் பாக்கலீங்க டீச்சர்"னன். சத்தியமான பேச்சுங்க அது.

இதுல எனக்கு என்ன அக்கறைன்னா, சாந்தாமணி. மார்கழி கடைசி ஞாயித்துக்கெழம எங்க தெருவுல கோலப்போட்டி. நாலு வருசமா மொதப் பரிசு டீச்சருக்கு. நாலு வருசமா ரெண்டாம் பரிசு என்ற சாந்தாமணிக்கு. ரெண்டாம் பரிசுன்னா டிபன் கேரியரு. நாலு கேரியரு கெடக்குதுங்க ஊட்டுல. இந்த வருசம் அவ ஐப்பசியில இருந்தே பழகறா. இருவத்தஞ்சு புள்ளி, நடுவுல தாமரை, சுத்தி எட்டு மயிலு. மொட்டை மாடிக்குத் துணி காயப் போடப் போனா கால் வெக்க எடமில்லை, பூரா மயிலு. ஒரு நா சோறு போட்டுட்டே சொன்னா, "ஏனுங்க, எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேண்டாம். ஒரே ஒருக்கா மொதப் பரிசு வாங்கோணும்ங்க"ன்னு. கலியாணமாகி இருவத்திரெண்டு வருசத்துல அவ வாயத் தொறந்து கேட்டதே அதுதான். "சாந்தாமணி, உன்ற கோலத்து மேல ஒரு காக்காக் காலு படாது. நான் காவலுக்கு நிக்கறன்"னன்.

தெருவுக்கே சொல்லிட்டன். இனிமே தெய்வசிகாமணி சைக்கிள்ல ரோந்து. பன்னெண்டு சுத்துக்குப் பதிலா இருவது சுத்து. பொம்பளைங்கெல்லாம் அண்ணா அண்ணான்னு ஒரு மரியாதைங்க, ஒருத்தவிய சுண்டல்கூடக் குடுத்து உட்டாங்க.

ஆனா பாருங்க, நான் ரோந்து போகப் போகக் கோலம் எச்சா அழியுது! அழிச்சவன் என்ன கெட்டிக்காரனா இருக்கோணும்? நான் இந்த முக்குல இருந்தா அவன் அந்த முக்குல இருப்பானாட்ட இருக்குது. எனக்குப் பால்காரன் சென்னியப்பன் மேலதான் சந்தேகம். டிவிஎஸ் வண்டியில வாரவன். ஒரு நா நிறுத்தி வெச்சுச் சத்தம் போட்டன். "ஏனுங்ணா, நான் வாரப்பவே அழிஞ்சுதான் கெடக்குதுங்க"ன்னு அழுகாத கொறை. நான் உடுவனா? வண்டிய முக்குலயே நிறுத்திட்டு, கேனைத் தூக்கிட்டு நடந்து வாடான்னுட்டன். பாவம், பத்து நா நடந்தானுங்க. அப்பவும் அழியுது.

சரி, இது மூளைய வெச்சுப் புடிக்க வேண்டிய ஆளுன்னு, கோலத்து மேல விழுந்திருந்த அச்சை அப்படியே ஒரு நோட்டுல வரைஞ்சன். நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம். எடுத்துட்டு அமானுல்லா பாய் கடைக்குப் போனன். "பாய், இது என்ன டயரு அச்சு?"

பாய் நோட்டைப் பாத்தாரு. அப்பறம் வெளிய நிக்கற என்ற சைக்கிளைப் பாத்தாரு. மறுக்கா நோட்டைப் பாத்தாரு. "டீ குடிக்கறீங்களாங்ணா?"ன்னாரு.

"டீ கெடக்கட்டும், ஆருது சொல்லுங்க."

"இந்த டயரு நம்மூர்லயே ஒருத்தருகிட்டத்தான் இருக்குதுங்ணா."

"ஆரு அவன்?"

"தேடிப் பாருங்க. கிட்டக்கத்தான் இருப்பாரு"ன்னாரு. சொல்லிட்டு, ஒரு துணிய நனைச்சு என்ற டயரைத் தொடைக்கறாரு. துணியில பச்சை, ரோசு, மஞ்சள்னு வருது. "அந்தத் துணிக்கொழாய மூக்குக்குக் கீழ எறக்கி உட்டுட்டு ஓட்டுங்கண்ணா, கண்ணாடி தெளிவா இருக்கும்"னாரு. நல்லதுக்குச் சொல்றாருன்னு தெரியுது, ஆனா நெஞ்சுச்சளி புடிச்சா ஆரு பாக்கறது? பத்தொம்பது டிகிரியிலங்க! அந்தக் கலரு டயர்ல இருந்து சாயம் போகுதுன்னு நெனைச்சன். இத்தனை பெரிய ஷோரூம்ல வாங்குன சாமான் சாயம் போகுதேன்னு ஷோரூம்காரங்க மேல எனக்குக் கோவங்கோவமா வந்துச்சு.

இப்ப நீங்க சிரிக்கறீங்க. அப்ப நீங்க இருந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்காதுங்க.

போட்டி நாளு வந்துச்சு. சாந்தாமணி மூணு மணிக்கே எந்திரிச்சுட்டா. எட்டு மயிலும் அப்படியே எறங்கி வந்து நிக்குதுங்க. எங்க ஊட்டுக்கு முன்னால மட்டும் தண்ணிக்கொழாய்க்குத் தோண்டி மூடாத குழி ஒண்ணு இருக்குது. அவ குழியத் தள்ளி, செவுரை ஒட்டிப் போட்டிருந்தா. நான் எப்பவும் அந்தக் குழிக்குப் பயந்து, எங்க வாசல் வந்ததும் ரோட்டுக்கு நடுவால ஒதுங்கிருவன். கலரடிச்சு முடிச்சுட்டு அவ எந்திரிச்சப்ப இடுப்பைப் புடிச்சுட்டே எந்திரிச்சா. "பாத்துக்கோங்க"ன்னு ஒரே வார்த்தை. உள்ள போயிட்டா.

நான் பாத்துக்கிட்டன். நல்லாப் பாத்துக்கிட்டன். அன்னைக்கு முப்பது சுத்துங்க. அவ்வளவு சுத்து என்ற வாழ்க்கையில சுத்துனதில்லை. அந்தச் சட்டைக்குள்ள வேர்வை ஊத்தி, மூச்சு வாங்கி, கண்ணாடியில ஆவி படிஞ்சு, தெருவெளக்குக்கூடத் தெரியலை. அப்பவும் நிறுத்தலை. பெல்லு அடிச்சுட்டே போனன், திருடன் பயந்துக்கோணும்னு.

ஏழு மணிக்குத் தாராபுரத்துல இருந்து நடுவரு வந்தாரு, டிராயிங் மாஸ்டரு. பொம்பளைங்கெல்லாம் பட்டுச்சேலை கட்டிட்டு வெளிய வந்தாங்க. நான் எறங்கி, கண்ணாடியத் தொடைச்சு மாட்டிப் பாக்கறன்.

பதிமூணு கோலம், குறுக்கால நட்சத்திரம். ஒரு வரிசை ரெண்டு வரிசை இல்லீங்க. டீச்சரோட கோலத்துல புள்ளி எது நட்சத்திரம் எதுன்னே தெரியலை. ரோசும் பச்சையும் கலந்து, ஒரு ஊட்டுக் கலரு அடுத்த ஊட்டுக்குப் போயி, கடைசி ஊட்டுல எல்லாக் கலரும் சேந்து ஒரே சேறு. எங்க வாசல்ல மட்டும் எட்டு மயிலும் ஒரு எறகு கலையாம நிக்குது.

நான் என்ன பண்ணுனன் தெரியுங்களா? அதைச் சொல்றதுக்குத்தான் எனக்கு இப்பவும் வெக்கமா இருக்குது. கைய ரெண்டையும் தூக்கிட்டு, "சாந்தாமணி! உன்றதைக் காப்பாத்திட்டன் பாத்தியா!"ன்னு தெருவே கேக்கக் கத்துனன்.

டீச்சரு மட்டும் அந்த நட்சத்திர வரிசையப் பாத்துட்டே நடந்தாங்க. அந்த முக்கு வரைக்கும் போனாங்க, திரும்புனாங்க, அந்தப் பக்கமா வந்தாங்க. எங்க குழிகிட்ட ஒதுங்குனாங்க. நேரா வந்து என்ற முன் சக்கரத்துகிட்ட நின்னாங்க. குனிஞ்சு டயரைத் தொட்டு, வெரலை எனக்குக் காட்டுனாங்க. ரோசு. அவிய கோலத்துல போட்டிருந்த தாமரையோட கலருங்க.

"நான் இல்லீங்க டீச்சர், டயருங்க"ன்னன். வேறென்ன சொல்றது?

மாஸ்டருக்கும் வேற வழியில்லை. முழுசா இருக்கறது ஒரே கோலம். மொதப் பரிசு சாந்தாமணின்னுட்டாரு. பெரிய குக்கருங்க. ஒருத்தரும் கை தட்டலை. ஊட்டுக்காரனை உட்டு அழிச்சுட்டு வாங்குன பரிசுன்னு பின்னாலருந்து ஒரு குரலு வந்துச்சு. அவ குக்கரை வாங்குனா. நேரா எதுத்த ஊட்டுக்குப் போயி, டீச்சரு வாசப்படியில வெச்சா. திரும்பி வந்து கதவைச் சாத்திட்டா.

உள்ள போயிப் பாத்தா அழுதுட்டு இருக்கறா. "நாலு வருசம் தோத்தேனுங்க. தலை நிமுந்துதான் நடந்தேன். இன்னைக்கு ஜெயிச்சுப்புட்டு இந்தத் தெருவுல எப்படீங்க நடப்பேன்?"னா. அவ அழுது நான் பாத்ததே கெடையாது. அந்த எலுமிச்சங்காச் சட்டையோட சமையக்கட்டு வாசல்ல நின்னன். என்னைப் பாத்தா எனக்கே புடிக்கலை.

சரி, தப்புத்தான். தண்டனைக்கு ஒரு அளவு வேண்டாமுங்களா? பொம்பளைங்க கூடி முடிவு பண்ணிட்டாங்க. தை பொறந்ததுல இருந்து மாசி வரைக்கும், தெனம் நாலு மணிக்கு எந்திரிச்சு, பதினாலு வாசலுக்கும் நான் கோலம் போடோணும். எனக்குத் தையில எத்தனை முகூர்த்தம் தெரியுங்களா? பந்தலும் கட்டோணும், புள்ளியும் வெக்கோணும். டீச்சரு காப்பித் தம்ளரோட நின்னு பாப்பாங்க. "சிகாமணி, மூணாவது வரிசை கோணல், அழிங்க." அழிப்பன். "இப்ப நாலாவது கோணல்." சென்னியப்பன் வண்டிய முக்குலயே நிறுத்திட்டு, கேனைத் தூக்கிட்டு, என்ற பக்கத்துல வந்து நின்னு பாத்துட்டுப் போறானுங்க. தெனமும் பாப்பான், போவான்.

மொதல்ல மூணு புள்ளியே சேராது. இப்பப் பதினஞ்சு வருது. பெருமைக்குச் சொல்லலீங்க, முந்தாநேத்து டீச்சரே, "ம், பரவால்லை"ன்னாங்க. அவிய பரவால்லைன்னா சும்மாவா?

நான் கோலத்துக்குப் போயிட்டனா, சாந்தாமணிக்குக் காலையில வேலை இல்லை. சும்மா நிக்கற சைக்கிளை எடுத்து ஓட்ட ஆரம்பிச்சுட்டா. சேலையச் சொருகிட்டு ஏறுனா பாருங்க, ரயில்வே கேட்டு தாண்டி, தளி ரோட்டுல போயித் திருமூர்த்தி அணை வரைக்கும் போயிட்டு வாரா. நாயிங்க? நாயிங்க அவகிட்ட வாலாட்டுதாமுங்க. பாய் கடையில தெனம் காத்தடிச்சுட்டு வாரா. பாயும் அவளும் ரொம்ப சிநேகம். பையில என்னன்னு கேக்கறீங்க. அவ அளவு ரவிக்கைங்க. ஷோரூம்ல குடுத்து இந்த அளவுக்கு ஒரு சட்டை எடுத்துட்டு வாங்கன்னு குடுத்து உட்டா. எலுமிச்சங்கா கலரு வேண்டாமாம், ஊதா. கையுறைக்குக் கைய நோட்டுல வெச்சு வரைஞ்சும் குடுத்திருக்கறா.

நேத்தைக்கு என்னாச்சுன்னா, மொதமொதலா எங்க வாசல்ல ஒரு மயிலு போட்டன். ஒத்தை மயிலு. அவகிட்டச் சொல்லலை, திரும்பி வந்து பாக்கட்டும்னு. ஒரு மணி நேரம் ஆச்சுங்க. கழுத்து அப்படியே அமைஞ்சுருச்சு. கண்ணு வெக்கறதுக்குக் குனிஞ்சிருக்கறன், என்ற காதோரமா ஸர்ர்ருன்னு ஒரு சத்தம். நிமுந்து பாத்தா, மயிலோட கழுத்து மேல நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம்.

நான் கத்துன கத்துல பதினாலு கதவும் தொறந்துருச்சுங்க. "கண்ணு தெரியுதா இல்லையா? மனுசன் எந்திரிச்சு இடுப்பொடியப் போட்டா, வண்டிய உடறதா!"ன்னன். அவ அந்த முக்குல நிறுத்தி, ஒத்தைக் கால ஊணிட்டுத் திரும்பிப் பாத்தா. "ஐயோ, ஏனுங்க, கண்ணாடியில ஆவி படிஞ்சுருச்சுங்க, தெரியலீங்க"ன்னா. அப்பத்தான் சிரிச்சா. போட்டிக்கப்பறம் அவ சிரிச்சு நேத்தைக்குத்தான் பாக்கறன். தெருவே சிரிக்குது. டீச்சரு தம்ளரைக் கீழ வெச்சுட்டுச் சிரிக்கறாங்க. சரி, தொலையுதுன்னு கம்முன்னு அழிச்சுட்டு மறுக்கா மொதல்ல இருந்து போட்டன்.

பொள்ளாச்சி வந்துருச்சு, நீங்க சன்னலுக்கு வாங்க. எறங்கறீங்களா? இங்கயேவா? கோயமுத்தூர்னுதானே டிக்கெட்டு வாங்குனீங்க? சரி சரி. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிருங்க, ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணிப் பண்ணி எனக்கு வெளங்கவே இல்லை.

அவளுக்குக் கண்ணாடியே கெடையாதுங்க. எங்க ஊட்டுல இருக்கறதே இந்த ஒரு கண்ணாடிதான். அதுவும் அப்ப என்ற மூக்கு மேலதானுங்க இருந்துச்சு.